பாலத்திலிருந்து ஐந்து நிமிஷம்

சைக்கிளில் மேடு ஏறுவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் சீட்டைக் கழற்றி எறியச் சொல்வேன். உட்கார இடம் இருந்தால் மனுஷன் உட்காருவான். இடமே இல்லையென்றால் நின்றபடி மிதித்துத்தான் ஆகவேண்டும். இது நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது இல்லை. லலிதாம்பாள் மாமியின் மடி ஆசாரம் கண்டுபிடித்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கொல்லம் வருஷம் 1112. இ.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு ஸ்ரீவராகத்தில் அண்ணா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை, வேறொன்றும் செய்யவில்லை. மன்னி மூன்றாவது தோசையை இலையில் போடும்போது ஒரு பெருமூச்சையும் சேர்த்துப் போடுவாள். ரேழியில் பாயை விரித்துப் படுத்தால் தலை அலமாரியில் இடிக்கும், கால் உரலில் இடிக்கும். ஒரு வேலை கிடைத்து, வேறொரு ஊரில், ஓர் அறையில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு அப்போது எந்த ஆசையும் இல்லை.

அந்த வேலையும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. கோட்டயத்தில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். மானேஜர், எங்கள் தெருவிலிருந்து போன ரிட்டயர்டு ஜட்ஜ் ராமசுப்ரமணியனுக்குப் பழைய சிநேகிதர். ஜட்ஜ் மாமா ஒரு லெட்டர் எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இருபத்தைந்து நிறைவதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும், அது கம்பெனிச் சட்டம். எனக்கு ஆவணி எட்டாம் தேதி இருபத்தைந்து நிறைகிறது.

ஜட்ஜ் மாமா உத்தியோகம் முடிந்ததும் நல்ல காற்று வேண்டுமென்று குன்னுகுழியில் மேட்டின் உச்சியில் ஒரு பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டார். போன கொஞ்ச நாளிலேயே அவருக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம் வந்தது. பிள்ளை சீனு, அதாவது ஸ்ரீனிவாசன், ஒரே பிள்ளை. கோபித்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவன் மூன்று வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. அவன் அம்மா லலிதாம்பாள் மாமி அவன் போன வாரமே விரதம் எடுத்துக்கொண்டாள். சீனு திரும்பி வந்து வாசப்படி ஏறுகிறவரைக்கும், காலையில் ஸ்ரீவராகம் கோயில் தீர்த்தம் வாயில் படாமல் வேறு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று.

கோயில் கீழே, மாமி மேலே. நடுவில் நான். முதல் இரண்டு வருஷம் கோயில் ஆள் ஒருவன் கொண்டுவந்தான். அவன் நின்றுபோனதும், வேலை கிடைக்கும்வரை இவன் தீர்த்தம் கொண்டுவந்து தரட்டுமே என்று அண்ணாதான் என்னைப் பிடித்துக் கொடுத்தார்.

முதல் நாள் அண்ணாவின் பழைய சைக்கிளில் போய் இறங்கினேன். மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பிச்சுமணி, அந்த சீட்டு தோலாக்கும் இல்லியா?” என்று கேட்டாள். தோல்தான். தோலில் உட்கார்ந்து வந்தவன் கையிலிருக்கும் தீர்த்தம் எப்படித் தீர்த்தமாகும்? அந்த முழுச் செம்பையும் துளசிச் செடிக்கு ஊற்றச் சொல்லிவிட்டாள். நான் திரும்ப ஸ்ரீவராகம் போய் நடந்தே கொண்டுவந்தபோது மணி பதினொன்று. அதுவரை அவள் உதட்டில் ஈரம் படவில்லை. கோபப்படவும் இல்லை. அதைப் பார்த்ததும் மத்தியானமே சைக்கிளை ஆரியசாலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆரியசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த சிவதாணு நாஞ்சில் நாட்டுக்காரன், என் வயதுதான். எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் சொல்வான்.

“சீட்ட கழத்தணுமா? பின்ன எதுல இருப்பீரு சாமி?”

“இருக்கப் போறதில்லை.”

“அப்பம் இது வண்டி இல்ல வே. தண்டனை.”

கழற்றிவிட்டுக் குழாயின் வாயில் ஒரு மரக்கட்டையை அடித்துத் தந்தான். தவறிப்போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அவன் விவரமாக எடுத்துச் சொன்னான், நான் இங்கே எழுத முடியாது.

சீட்டோடு முடிந்ததா என்றால் இல்லை. செம்பை ஹாண்டில்பாரில் தொங்கவிடக் கூடாது, தீர்த்தம் இடுப்புக்குக் கீழே ஆடக்கூடாது. மூடி போட்ட கூஜா ஒன்று அந்த வீட்டில் உண்டு. அது ரயிலில் காபி சுமந்தது, அதனால் எச்சில். ஆகவே வாய் அகன்ற செம்பு. அதன்மேல் வாழையிலை, அதைச் சுற்றி வாழைநார். அதை இடது கையில் மார்போடு பிடித்துக்கொண்டு, வலது கையால் ஹாண்டில்பாரைப் பிடித்து, மடி வேட்டியோடு, சீட் இல்லாத வண்டியில் நின்று மிதித்து, திருவனந்தபுரத்தின் அத்தனை மேடுபள்ளத்தையும் தாண்டிப் போகவேண்டும். பழவங்காடி வழியாகப் பாளையம்வரை ஒரு மாதிரி போய்விடலாம். அதற்கப்புறம் ஓர் இறக்கம், அடியில் ஓடைப் பாலம். பாலத்தைத் தாண்டியதும் செம்மண் பாதை சுவர் ஏறுவதுபோல ஏறும்.

ஜட்ஜ் மாமா பங்களா வராந்தாவில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் கீழே பாலம் தெரியும், அப்புறம் மரங்கள் மறைத்துவிடும், கடைசியில் கேட் தெரியும். நான் பாலம் தாண்டுகிற நேரத்தையும் கேட்டில் நுழைகிற நேரத்தையும் அவர் குறித்துவைப்பார். ஏன் என்றால் காபி. பெண்டாட்டி பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நிற்கும்போது புருஷன் காபியை உறிஞ்ச முடியுமா? சாஸ்திரம் தடுக்கவில்லை, வெட்கம் தடுத்தது. பாவம், அந்த மனுஷர் வாழ்க்கையில் காபியைத் தவிர எதற்கும் காத்திருந்து பழகாதவர்.

முதலில் பதினாலு நிமிஷம் ஆயிற்று, பாதிக்குமேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். இறக்கத்தில் வந்த வேகத்தை நம்பி மேட்டின் அடியில் வீராப்புக் காட்டினால் பாதியில் நாக்குத் தள்ளிவிடும். அதனால் அடியில் மெதுவாகவே பிடிப்பேன். இரண்டு மிதிக்கு மூச்சு உள்ளே, இரண்டு மிதிக்கு வெளியே. செங்குத்தான இடத்தில் நேராக ஏறாமல், பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து போவேன். போகிற தூரம் கூடும், ஆனால் மேடு பாதியாகக் குறையும். காலால் மட்டும் மிதிக்கக் கூடாது, உடம்பின் கனம் மொத்தத்தையும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி வைக்கவேண்டும். உடம்பு இப்படி ஆடும்போது இடது கை மட்டும் அசையக் கூடாது. அது என்னுடைய கையே இல்லை, மாமியுடையது என்று நினைத்துக்கொள்வேன். சிவதாணு பின்சக்கரத்து ஃப்ரீவீலை மாற்றி, நாலு பல் கூடுதலாக உள்ள ஒன்றைப் போட்டுத் தந்தான். மிதி லேசாயிற்று. காலை ஆகாரத்தை நிறுத்தினேன், அதனால் மன்னிக்கும் சந்தோஷம்.

ஒன்பது நிமிஷம் ஆனதும் லெட்டர் கேட்டேன். “எழுதறேன், எழுதறேன்,” என்றார். எட்டு ஆனபோதும் அதே பதில். ஏழில் ஏறியபோது துணிந்து தேதியைச் சொன்னேன். ஆவணி எட்டு என்றேன்.

“நீ போயிட்டா இதை யார் கொண்டு வருவா?” என்றார் ஜட்ஜ் மாமா. கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். “பாலத்துலேர்ந்து கேட்டுக்கு அஞ்சு நிமிஷம். என்னிக்கு அஞ்சு நிமிஷத்துலே ஏறறயோ அன்னிக்கு லெட்டர். மதி, போறும், வேற பேச்சு வேண்டாம்.”

வாழ்நாள் முழுவதும் கோர்ட்டில் உட்கார்ந்து வாய்தா கொடுத்த மனுஷர். ஐந்து நிமிஷத்தில் முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கையால் ஏறுகிறவனுக்கு ஆறரைக்குக் கீழே இறங்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நான் சரியாக ஏறாமல் இருந்திருந்தால் இவர் எப்போதோ சலித்துப்போய் வேறு ஆளைத் தேடியிருப்பார். நன்றாக ஏறி ஏறி என்னை நானே அங்கே கட்டிப்போட்டுக்கொண்டேன். அதற்காக மெதுவாக ஏறலாமா என்றால், மேலே ஒருத்தி நாக்கு வறண்டு காத்திருக்கிறாள். அவள் முகத்தை நினைத்தால் கால் தானாக வேகமாக மிதிக்கும். இரண்டு பக்கமும் சுவர்.

ஆடி பன்னிரண்டாம் தேதி நல்ல மழை. பாலம் தாண்டி, மரங்கள் மறைக்கிற முதல் திருப்பத்தில், சக்கரம் செம்மண் சேற்றில் வழுக்கியது. நான் விழவில்லை, செம்பு விழுந்தது. கல்லில் அடித்து, இலை கிழிந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சிந்திவிட்டது. வெறும் செம்பையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த ரெண்டு துளசி இலையையும் பார்த்தபடி அப்படியே நின்றேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். திரும்பிப் போய் வருவதென்றால் ஒன்றரை மணி நேரம். மாமிக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் வேறு.

செம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தது. அந்த மேட்டில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. இழுத்துப் பிடித்து மிதித்தேன், வண்டி கேட்டது. வளைந்து போகவேண்டிய இடத்தில் நேராகவே ஏறியது. மழை முகத்தில் அடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எனக்கு வயதும் இல்லை, தேதியும் இல்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது நிஜம்.

பங்களா மதிலுக்குக் கொஞ்சம் முன்னால், கடைசித் திருப்பத்தில், தெருக்குழாய் ஒன்று உண்டு. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வீட்டுக்குள் குழாய் இழுக்க வந்தவர்களை மாமி அந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பியிருந்தாள். சீட்டுத் தோலுக்காக ஒரு வருஷம் என்னை நிற்கவைத்த அந்த மாமிக்கு, நான் தோல் வாஷர் வழியாக வந்த தண்ணீரைச் செம்பில் பிடித்தேன். துளசி இலை ரெண்டையும் அதன்மேல் போட்டேன்.

மாமி எப்போதும்போல நடைக்கு வந்தாள். உள்ளங்கையில் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தலையில் தெளித்துக்கொண்டாள். உதடு சீனு, சீனு என்று அசைந்தது. 

வராந்தாவில் ஜட்ஜ் மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அஞ்சே கால்டா. மழையிலே அஞ்சே கால். அப்போ இத்தனை நாளா நீ மெனக்கெடவே இல்லை, இல்லியா?”

 நான் ஈர வேட்டி நுனியைப் பிழிந்தேன்.

“ஒரு நாள் வந்தா அது யோகம். அஞ்சுக்குள்ளே பத்து நாள் சேர்ந்தாப்பிலே வந்து காமி. சத்தியமா எழுதித் தரேன்.”

மறுநாள் ஒழுங்காகத் தீர்த்தத்தோடுதான் ஏறினேன். உயிரைக் கொடுத்து ஏறியும் ஆறரை நிமிஷம். “நேத்திக்கு முடிஞ்சது இன்னிக்கு ஏன் முடியலே?” என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தை மூடினார். வீட்டுக்குப் போனேன். மன்னி பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே, “ஒனக்குப் பிறந்த நாள் வரதே பிச்சு,” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த நாள் முதல் பத்து நாள் நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. பாலம் தாண்டி மரங்கள் மறைக்கிற இடத்துக்கு வந்ததும் இலையைப் பிரிப்பேன். தீர்த்தத்தைத் தரையில் கொட்ட மனசு வராது, அதனால் நானே குடித்துவிடுவேன். மாமியின் புண்ணியத்தைத் தினமும் காலையில் முழுச் செம்பு குடித்தவன் நான். அப்புறம் வெறும் செம்பை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து ஏறுவேன். கடைசித் திருப்பத்தில் குழாய், துளசி, இலை, நார். எல்லாம் சேர்த்து நாலே முக்கால், நாலு ஐம்பது. சந்தோஷம் முதல் நாளோடு தீர்ந்துபோயிற்று. குழாயைத் திறக்கும்போது வருகிற சத்தம் ராமசுப்ரமணியன் கோர்ட்டில் என் பேரைக் கூப்பிடுவதுபோல இருக்கும்.

எட்டாவது நாள் நான் கேட்டில் நுழைந்தபோது ஜட்ஜ் மாமா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையில் ஒரு கடிதாசு இருந்தது.

“ரங்கூன்லேர்ந்துடா. சீனு எழுதியிருக்கான். மர மில்லிலே வேலையாம். ஜுரத்துலே கிடந்திருக்கான், இப்போ பரவாயில்லையாம். மாசி மாசம் லீவு கிடைச்சா வரேங்கறான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூணு வருஷம் அவ குடிச்ச தீர்த்தம் வெறுதே போகலே, பாத்தியா? ஒன் கையாலே கொண்டு வந்ததாக்கும்.”

அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

பத்தாவது நாள் நாலே முக்கால். ஜட்ஜ் மாமா சொன்ன சொல் தவறவில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததைப்போல அவர் மோசமானவரும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தார். “ஒரு வருஷம் உன்னைப் படுத்திட்டேன். சாரமில்லே, போகட்டும், மறந்துடு. நாளையிலேர்ந்து சமையல்காரர் பிள்ளை நடந்து கொண்டுவரட்டும். எட்டு மணியானா என்ன, ஒம்பதானா என்ன. சீனு வரான், அது போறும். நீ நாளைக்கே கோட்டயம் கிளம்பு,” என்றார்.

நமஸ்காரம் பண்ணினேன். லெட்டரை இடுப்பில் சொருகிக்கொண்டேன். கேட்டுக்கு வெளியே சாலை இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதுவரை ஏறுவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால், அது எவ்வளவு நல்ல இறக்கம் என்று கவனித்ததே இல்லை.

“பிச்சு, கெணத்தடிக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ,” என்று மாமி கொல்லைப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

பட்சணம் ஏதாவது கட்டித் தருவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் ஒன்றுமில்லை.

“எந்தக் குழாய்டா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தேன்.

“திருப்பத்துலே இருக்கே, அதுவா? இல்லே, பாளையத்துலேர்ந்தே பிடிச்சிண்டு வரயா?”

“திருப்பத்துக் குழாய்தான் மாமி,” என்றேன். அப்படியே காலில் விழப்போனேன்.

“தொடாதே, மடி,” என்று பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தவள் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “பழக்கம் விடலே பாரு. மடியாம். தோல் தண்ணியைப் பத்து நாளாக் குடிச்சிண்டு மடி பாக்கறேன்.”

“மாமிக்கு எப்போ தெரியும்?”

“மொத நாளே. மழையன்னிக்கு. மூணு வருஷமா காலம்பற வேறொண்ணும் தொடாத நாக்குடா இது. தொண்டையிலே எறங்கறச்சேயே தெரிஞ்சு போச்சு.”

“ஏன் சொல்லலே மாமி?”

“சொன்னா அவர் ஒன்னை கேட்டுக்கு வெளியே நிறுத்திடுவார். என் விரதம் போனது போயாச்சு, ஒன் வேலையும் போகணுமா? கொட்டியிருப்பான், பாவம், பயந்துண்டு பிடிச்சிருப்பான்னு நினைச்சேன். மறுநாள் சரியாத்தான் கொண்டு வந்தே. அப்புறம் திரும்பவும் அதே தண்ணி. சரி, லெட்டர் கைக்கு வரவரைக்கும் குடிச்சுத் தொலைப்போம், அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும்னு இருந்தேன்.”

நான் அழுதுவிட்டேன். அவள் என்னை அழவிட்டாள், சமாதானம் சொல்லவில்லை. அழுது முடித்தபிறகுதான் அடுத்ததைச் சொன்னாள்.

“அதுக்குள்ளே கடிதாசு வந்துடுத்து.”

“ஆமாம் மாமி. மாசியிலே வரானாமே.”

“மூணு வருஷம் தீர்த்தம் குடிச்சேன், ஒரு வரி வரலே. குழாய்த் தண்ணி குடிச்சேன், வந்தது. நீ படிச்சவன். சொல்லு, இப்போ நான் எதை விடறது, எதைப் பிடிச்சுக்கறது?”

“அது தற்செயல் மாமி. கப்பல் தபால் வந்து சேர எட்டொம்பது நாள் ஆகும். அவன் எழுதினபோது நீங்க தீர்த்தந்தான் குடிச்சிண்டிருந்திருப்பேள்.” இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. நியாயம் என் பக்கம் இருந்தது.

“தேதி பாத்தேன்,” என்றாள் மாமி. “ஜூலை இருபத்தேழுன்னு மேலே போட்டிருக்கான். பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தேன். ஆடி பன்னெண்டு. நீ கொட்டின அன்னிக்கு எழுதியிருக்கான்.”

 கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நியாயம் அந்தப் பக்கம் போய்விட்டது.

“எனக்குப் பயமா இருக்கு பிச்சு,” என்றாள். “இனிமே தீர்த்தம் குடிக்கப் பயமா இருக்கு. குழாய்த் தண்ணி குடிக்கவும் பயமாத்தான் இருக்கு. ஆனா இதுலே அவன் எழுதினான். அவன் வாசப்படி ஏறறவரைக்கும் இதை மாத்த எனக்கு தைரியம் இல்லை. சமையல்காரர் பிள்ளை கோயில் தீர்த்தத்தைக் கொண்டு வருவான். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்? தோல் வாஷர் தண்ணி பிடிச்சுண்டு வாடான்னா? அவர்கிட்ட சொல்வேனா? நானே கேட்டைத் தாண்டிப் போய்த் தெருக்குழாயிலே நிப்பேனா?”

“மாமி, ஆவணி எட்டு,” என்றேன். இடுப்பிலிருந்து லெட்டரை எடுத்துக் காட்டினேன். “அதுக்கப்புறம் எடுத்துக்க மாட்டா.”

“தெரியும். அவர் எழுதறச்சே மைக்கூடு எடுத்து வெச்சதே நான்தான்.” அவள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு பேசினாள். “போறதுன்னா போ. நான் ஒண்ணும் சபிக்க மாட்டேன். நீ நன்னா இருக்கணும்.”

சபித்திருந்தால் போயிருப்பேன். அழுது கையைப் பிடித்திருந்தாலும் உதறிவிட்டுப் போயிருப்பேன். அவள் என்னைப் பிடித்து வைக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் போன மறுநாள் ரங்கூனில் சீனுவுக்கு ஜுரம் திரும்ப வந்தால்? கப்பலில் ஏதாவது ஆனால்? அது குழாய்த் தண்ணீரால் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கோட்டயத்தில் அந்த அறையில் காலை நீட்டிப் படுத்தாலும் தூங்க மாட்டேன். இந்த வழக்கத்தை உண்டாக்கினவன் நான். தப்புச் செய்து பிடிபட்டால் வெளியே தள்ளுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். உள்ளே வைத்துப் பூட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“மாசிவரைக்கும்தானே மாமி,” என்று கேட்டேன்.

“லீவு கிடைச்சா மாசி,” என்றாள்.

 சமையலறையில் காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?”

“எப்போ வரயோ அப்போ வா. அதே கை, அதே வண்டி. பாலத்துலேர்ந்து அதே அஞ்சு நிமிஷம். ஒண்ணையும் மாத்தாதே,” என்றாள் மாமி.

ஜட்ஜ் மாமாவிடம், கோட்டயத்தில் எனக்கு மனசு ஒட்டாது என்று சொன்னேன். பைத்தியக்காரப் பயலே என்றார். மறுநாளும் வராந்தாவில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார், அவருக்கும் அது பழக்கமாகிவிட்டது.

ஆவணி எட்டாம் தேதி பாலத்திலிருந்து கேட்டுக்கு நாலரை நிமிஷத்தில் ஏறினேன். அவ்வளவு வேகமாக அதற்கு முன்னால் நான் ஏறியதே இல்லை. மாமி மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். பிறகு உள்ளே போய், எனக்கு இருபத்தைந்து நிறைந்ததற்காக வைத்திருந்த பாயசத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.